கொள்ளிடத்தில் போகிற தண்ணீரோடு என்னென்ன போகிறது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம் "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று செய்தி வருகிறதே, தண்ணீரோடு நம் நிலத்தின் சத்தும் சேர்ந்து போகிறதா என்பது ஒன்று. ஆறுகள் கார்பனைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன என்று படித்தேன், காவிரித் தண்ணீரில் ஏது கார்பன் என்பது இன்னொன்று.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகிறது. ஆனால் எங்கள் தாத்தா காலத்தில் போன சரக்கு வேறு, இப்போது போகிற சரக்கு வேறு. மலையிலிருந்து வர வேண்டியதில் பெரும்பகுதி அணையில் தங்கிவிடுகிறது. வயலிலேயே நிற்க வேண்டியது வடிகால் வழியாகப் போய்விடுகிறது. எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீருக்குள் எது எவ்வளவு என்று பார்ப்பவர்கள் குறைவு.

எனக்கு மயிலாடுதுறைப் பக்கம். மண்ணும் தண்ணீரும் சோதிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவன், கொஞ்சம் நிலமும் உண்டு. அதனால் சோதனைக்குழாயையும் வரப்பையும் மாற்றி மாற்றித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது ஒரு சொம்பு மொண்டு திண்ணையில் வைத்துப் பாருங்கள். செம்மண் கரைத்த மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும், மேலே இன்னும் கலங்கல் தெளியாது. எங்கள் வீட்டில் பாட்டி தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். களிமண் துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். கொட்டையிலிருந்து கரைகிற பொருள் அந்தத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, கனம் கூடி அடியில் இறங்குகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முகத்துவாரத்தில் திரும்ப வரும்.

அந்த வண்டலில்தான் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பெரும்பாலும் பயணம் செய்கிறது. அது மண்துகளைப் பிடித்துக்கொண்டு போகும் சுபாவம் உள்ளது. மக்கிய இலை, சருகுத்தூள், மேல்மண்ணின் கரிமப் பொருள் எல்லாமும் துகளாக அதே வண்டலில் ஒட்டியிருக்கும். ஆக, கார்பனில் ஒரு பங்கு இங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது. இலைச்சாறு போலக் கரைந்த கரிமப் பொருளும் உண்டு. புதுத்தண்ணீர் நுங்கும் நுரையுமாக வருவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. நுரையைப் பார்த்தவுடன் எல்லாமே சோப்பு, சாயக்கழிவு என்று முடிவு கட்ட வேண்டாம். திருப்பூர் வழியாக வரும் நொய்யல் கலக்கும் இடத்துக்குக் கீழே சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, தேற்றாங்கொட்டை போட்டுத் தெளிந்துவிட்டது. இனி சொம்பில் இருப்பது வெறும் தண்ணீரா? இல்லை. கார்பனில் பெரிய பங்கு இன்னும் அதில்தான் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. பைகார்பனேட் என்று பெயர். இதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வெந்நீர் அண்டாவின் அடியில், கீசருக்குள் வெள்ளையாகப் படிகிறதே, பொதுவாக உப்பு என்கிறோமே, அது சமையல் உப்பு அல்ல, சுண்ணாம்பு. தண்ணீர் கொதிக்கும்போது அதிலிருந்த பைகார்பனேட் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி கார்பன் டை ஆக்சைடாக ஆவியோடு போய்விடும், மறு பாதி கால்சியத்தோடு சேர்ந்து படிவாக உட்காரும். போர் தண்ணீரில் இது அதிகம், ஆற்றுத் தண்ணீரில் குறைவு. ஆற்றுத்தண்ணீரில் பருப்பு மலர வேகும், போர் தண்ணீரில் வேகாது என்று வீட்டில் சொல்வதும் இந்தக் கடினத்தன்மையால்தான்.

இந்த பைகார்பனேட் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தும் கல்லிலிருந்தும். குடகு மலையில் பெய்கிற மழை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டதையும் வாங்கிக்கொள்கிறது. இப்போது அது மிக மெல்லிய அமிலம், சோடாத் தண்ணீரின் நீர்த்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமிலம் தலைக்காவிரியிலிருந்து மேட்டூர் வரைக்குமான நைஸ், சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகளை ஆண்டாண்டு காலமாக அரிக்கிறது. கல்லிலிருந்து கால்சியம், மக்னீசியம், மணலின் மூலப்பொருளான சிலிக்கா எல்லாம் கரைகின்றன. காற்றிலிருந்து வந்த கார்பன் பைகார்பனேட்டாக மாறித் தண்ணீரில் தங்கிவிடுகிறது. காவிரியின் படுகை 81,155 சதுர கிலோமீட்டர். அத்தனை பரப்பிலும் இந்த வேலை சத்தமில்லாமல் நடக்கிறது.

அளவு புரிய ஒரு கணக்கு. கொள்ளிடத்தில் விநாடிக்கு 1 லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கப் போனால் 8.64 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), அதாவது சுமார் 24.5 கோடி கன மீட்டர். வெள்ளத்தில் நீர்த்துப்போயிருக்கும் என்பதால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பைகார்பனேட் மட்டுமே இருக்கிறது என்று வைப்போம். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன். பெருக்கிப் பார்த்தால் ஒரே நாளில் சுமார் 4,800 டன் கார்பன் வருகிறது. இது நான் வைத்துக்கொண்ட எண்ணிலிருந்து வந்த கணக்குதான், அளந்து சொன்னதல்ல. ஆனால் "காவிரித் தண்ணீரில் ஏது கார்பன்" என்ற கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

உலகம் முழுவதற்கும் 2007-ல் வந்த, இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிற ஒரு மதிப்பீடு உண்டு. நிலத்திலிருந்து ஆண்டுக்கு 190 கோடி டன் கார்பன் ஆறு, ஏரிகளுக்குள் வருகிறது. கடலைச் சேர்வது 90 கோடி டன். மீதியில் பெரும்பங்கு வழியிலேயே வாயுவாகக் காற்றுக்குத் திரும்புகிறது, கொஞ்சம் ஏரி, அணைகளின் அடியில் புதைகிறது. பின்னால் வந்த கணக்குகள் நிலத்திலிருந்து வருகிற எண்ணைக் கூட்டித்தான் சொல்கின்றன. பாதிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துபோகிறது என்பதைக் கவனியுங்கள். ஆறு என்பது குழாய் மாதிரி இந்த முனையில் விட்டதை அந்த முனையில் கொடுப்பதில்லை. வழியில் தின்னும், செரிக்கும், மூச்சுவிடும்.

காவிரி வழியில் தங்குகிற பெரிய இடம் அணைகள். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி எல்லாம் தாண்டி மேட்டூர். 1934-ல் கட்டி முடித்தது, 93.47 டிஎம்சி கொள்ளளவு. ஓடுகிற தண்ணீர் நின்றால் வண்டல் இறங்கிவிடும், சொம்பில் பார்த்தோமே. மேட்டூரில் 83 வருஷம் கழித்து 2017-ல்தான் முதன்முறையாக வண்டல் அள்ளினார்கள். அணைக்கு அது தூர். ஆனால் அந்த வண்டல் முன்பு வெள்ளத்தோடு இறங்கித் தஞ்சை, நாகை வயல்களில் படிந்துகொண்டிருந்த அதே மண்தான். டெல்டாவே அப்படி உருவானதுதான்.

வண்டல் நிற்பது எல்லோருக்கும் தெரியும். சிலிக்காவும் ஒரு பங்கு நிற்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. நின்ற தண்ணீரில் வெயில் இறங்கும், பாசி வளரும். அதில் டயாட்டம் என்று ஒரு வகை. ஒற்றைச் செல், கண்ணாடி ஓடு. அந்த ஓட்டைக் கட்டத் தண்ணீரிலுள்ள சிலிக்காவை எடுத்துக்கொள்ளும், செத்தால் ஓட்டோடு அடியில் இறங்கிவிடும். ஆக அணையை விட்டு வெளியே வருகிற தண்ணீரில் சிலிக்கா குறைவு. டெல்டாவுக்கு வந்தபின் நெல்லும் எடுக்கிறது. நெல்லுக்கு சிலிக்கா பிடிக்கும். நெல் தாளின் ஓரம் கையை அறுப்பது அதனால்தான். உமியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவேதான். உமிக்கரியால் பித்தளை பளபளப்பதற்கும் அது ஒரு காரணம். வைக்கோலை வண்டி ஏற்றி வெளியூருக்கு அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்புகிறோம்.

இதுவரை சொன்னது ஆடித் தண்ணீர். தென்மேற்குப் பருவமழையில் குடகிலும் வயநாட்டிலும் பெய்து, அணைகளில் தங்கித் தங்கி வருவது. டெல்டாவிலிருந்து கடலுக்கு இன்னொரு தண்ணீர் போகிறது, அது ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நம் வயல் மேலேயே கொட்டி, கண்ணி வாய்க்கால், வடிகால், அரசலாறு, வீரசோழனாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு, கோரையாறு என்று நேராகக் கடலுக்கு இறங்குவது. நடுவில் அணை கிடையாது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம். முதலாவது கல்லின் தண்ணீர், இரண்டாவது உரத்தின் தண்ணீர்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு சம்பாப் பருவத்தில் மேலுரம் போட நாள் பார்த்து, வானம் வெளுத்திருக்கிறதே என்று சாயங்காலம் யூரியா தூவினேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் போனால் வரப்பு எது வயல் எது என்று தெரியவில்லை, பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. தண்ணீரை விட்டால் உரம் போகும், விடாவிட்டால் பயிர் அழுகும். மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டேன். வேறென்ன செய்ய? யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறிப் பிடித்துக்கொள்ளச் சில நாள் வேண்டும். முதல் ராத்திரியில் அது சர்க்கரை மாதிரி கரைந்துதான் நிற்கும். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அன்றைக்கு எங்கள் தெருவில் மடை வெட்டாதவர் யாரும் இல்லை.

முன்பு வைத்த கணக்கையே திரும்ப எடுங்கள். அந்த 8.64 டிஎம்சி தண்ணீரில் லிட்டருக்கு வெறும் 1 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 245 டன். யூரியா மூட்டையில் சொன்னால் ஏறக்குறைய 11,800 மூட்டை.

ஆனால் வயலுக்கு நியாயம் செய்ய வேண்டும். போட்டதெல்லாம் ஆற்றுக்குப் போய்விடுவதில்லை. பயிர் ஒரு பங்கு எடுக்கிறது. ஒரு பங்கு தண்ணீர்ப் பரப்பிலிருந்து அம்மோனியா வாயுவாகப் பறக்கிறது. நிற்கிற தண்ணீருக்கு அடியில் சேறு மூச்சுத்திணறிக் கிடக்கும், அங்கே ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாகக் காற்றுக்கு விட்டுவிடும். அந்த வகையில் நெல்வயல் ஒரு வடிகட்டி. அதற்கு விலையும் உண்டு, அதே சேற்றிலிருந்துதான் பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயு வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் குறையும். ஆனால் காய்ந்து நனையும் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம், அதுவும் பூமியைச் சூடாக்குகிற வாயுதான். ஒன்றை அழுத்தினால் இன்னொன்று எழும்புகிற விஷயம் இது, மேடையில் பேசுகிற அளவுக்கு எளிதல்ல.

வயலைத் தாண்டியதை வாய்க்காலில் ஆகாயத்தாமரை பிடிக்கிறது. எந்த வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறதோ அங்கே தழைச்சத்தும் மணிச்சத்தும் மிதமிஞ்சி இருக்கிறது என்று சோதனை செய்யாமலே சொல்லலாம். ஊர்ச் சாக்கடை சேர்கிற இடத்துக்குக் கீழே பாருங்கள், இலை கை அகலம் இருக்கும். அதை எடுத்து வயலில் மக்கவைத்தால் போன சத்து திரும்ப வந்த மாதிரி. எங்கள் ஊர் வாய்க்காலில் ஒரு வருஷம் தூர்வாரினார்கள். பொக்லைன் வாரிய செடியையும் சேற்றையும் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மழைக்கு எல்லாம் வாய்க்காலுக்கே திரும்பிவிட்டது. தூர்வாரியதாகப் பலகை மட்டும் நின்றது.

இனி முகத்துவாரம். பாட்டியின் தேற்றாங்கொட்டை செய்த வேலையை இங்கே கடல் உப்பு செய்கிறது. உப்பிலுள்ள சோடியமும் மக்னீசியமும் களித்துகளின் மின்னேற்றத்தைத் தணிக்க, துகள்கள் திரண்டு சேறாக உட்காருகின்றன. கொள்ளிடம் கடலைத் தொடுகிற பழையாறு முகத்துவாரத்தில் படகில் போனால் பழுப்பும் பச்சையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கிற கோட்டைப் பார்க்கலாம், பெரும்பாலும் அந்தக் கோட்டில் நுரையும் குச்சியும் சேர்ந்து கிடக்கும். மீனவர்கள் அந்த ஓரத்தைக் குறிவைத்து வலை விடுவார்கள். அங்கே தீனி இருக்கும், தீனி இருக்கிற இடத்தில் மீன் இருக்கும்.

அந்தச் சேற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான் அலையாத்திக் காடு. வடக்கே பிச்சாவரம், தெற்கே பாமணியாறும் கோரையாறும் முடிகிற முத்துப்பேட்டை. முத்துப்பேட்டையில் சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். வெளியே எடுத்தால் கறுப்பு, அழுகிய முட்டை வாசனை. அந்த நாற்றம்தான் நல்ல சேதி. உள்ளே ஆக்சிஜன் இல்லை, அதனால் விழுந்த இலையும் வேரும் சீக்கிரம் மக்காது, கார்பன் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். மரங்கள் மூச்சுவிடுவதற்காகவே விரல் விரலாக வேரைச் சேற்றுக்கு மேல் நீட்டியிருக்கும். இறால் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் மடவையும் அந்த வேர்களுக்கு இடையில்தான் வளர்கின்றன. இந்தக் காட்டுக்கு நல்ல தண்ணீரும் வண்டலும் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் உப்பு ஏறும், உப்பைத் தாங்குகிற வெண்கண்டல் மட்டும் மிஞ்சும். முத்துப்பேட்டையில் ஏற்கெனவே அதுதான் பெரும்பான்மை. 2018 நவம்பர் கஜா புயலில் அந்தக் காடு வாங்கிய அடியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கரைந்த சத்து கடலுக்குள் போகிறது. கடல் பாசி பொதுவாக 1 அணு பாஸ்பரஸுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் என்ற விகிதத்தில் உடம்பு கட்டுகிறது. டயாட்டமாக இருந்தால் நைட்ரஜன் அளவுக்கு சிலிக்காவும் வேண்டும். இப்போது முன்பு சொன்ன இரண்டு தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். சிலிக்கா மேட்டூரிலும் மற்ற அணைகளிலும் ஒரு பங்கு நின்றுவிட்டது. நைட்ரஜன் டெல்டாவில் கூடியிருக்கிறது. டயாட்டம் வளர்ந்துகொண்டே போய் சிலிக்கா தீர்ந்ததும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் நைட்ரஜனை ஓடு கட்டாத மற்றப் பாசிகள் சாப்பிடும். டயாட்டத்தைத் தின்ன மிதவை உயிரிகள், அவற்றைத் தின்ன மத்தி, நெத்திலி என்று ஒரு வரிசை இருக்கிறது. மற்றவற்றில் சிலதைத் தின்ன ஆள் இல்லை, சில விஷம்.

வெளிநாட்டில் இது நடந்து பார்த்திருக்கிறார்கள். டான்யூப் ஆற்றில் 1970-களின் தொடக்கத்தில் இரும்பு வாயில் அணை வந்தபின் கருங்கடலுக்கு வரும் சிலிக்கா ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது, பாசியின் வகையே மாறிவிட்டது என்று 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஓர் அணை மேல் மட்டும் பழி போட முடியாது, மேலே இருக்கிற மற்ற அணைகளும் காரணம் என்று பின்னால் திருத்தினார்கள். நைல் கதை இன்னும் பச்சையானது. அஸ்வான் உயர் அணை 1964-லிருந்து வெள்ளத்தை நிறுத்தத் தொடங்கியது. எகிப்துக் கரையில் 1962-ல் சுமார் 18,000 டன் கிடைத்த மத்தி 1968-ல் 500 டன்னுக்கும் கீழே போனது. 1980-களில் மீன்பாடு திரும்பியது. வெள்ளம் திரும்பவில்லை, உரமும் நகரச் சாக்கடையும்தான் அந்த இடத்தை நிரப்பின என்று பலர் கருதுகிறார்கள். மீன் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, எதனால் வந்தது என்று யோசிப்பதா என்று தெரியாத நிலை.

வங்கக்கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டுவதால் மேலே உப்புக் குறைந்த லேசான தண்ணீர் மூடி போட்ட மாதிரி நிற்கும். அடியிலுள்ள சத்து மேலே ஏறிவர விடாது. அதனால் நடுக்கடலில் விளைச்சல் குறைவு, அரபிக்கடல் அளவுக்கு இல்லை. ஆறு கொண்டுவருவது கரையோரத்துக்குத்தான் பெரிய வரவு. ஐப்பசி முதல் மார்கழி வரை கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும். அதனால் நாகைப் பக்கம் இறங்கும் வடிகால் தண்ணீர் கோடியக்கரையைப் பார்த்துத்தான் இழுபடும். ஆறு கொண்டுவரும் களித்துகளுக்குக் கடைசியாக ஒரு வேலையும் இருக்கிறது. செத்த பாசியோடு ஒட்டி, அதற்குக் கல் கட்டிவிட்ட மாதிரி, வேகமாக ஆழத்துக்கு இழுத்துப்போகும். மேலேயே மிதந்து அழுகினால் கார்பன் காற்றுக்குத் திரும்பும். ஆழத்துக்குப் போனால் பல காலம் வெளியே வராது. வண்டல் குறைந்தால் இந்தக் கல்லும் குறைகிறது.

பைகார்பனேட் என்ன ஆகிறது? அது கடலில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டு கரைந்தே இருக்கும். பிறகு ஏதோ ஒரு சிப்பியோ பவளமோ கால்சியத்தோடு சேர்த்து ஓடாகக் கட்டிக்கொள்ளும். வெந்நீர் அண்டாவில் நடந்த அதே கணக்குதான்: பாதி கார்பன் காற்றுக்கு, பாதி ஓட்டுக்கு. கும்பகோணம் வெற்றிலைக்குத் தடவுகிற கிளிஞ்சல் சுண்ணாம்பு அந்த ஓட்டைச் சுட்டு எடுத்ததுதான். டப்பாவைத் திறந்து வைத்தால் சுண்ணாம்பு இறுகிப்போகிறதே, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பெரிய அளவில் பார்க்க ஆசையாக இருந்தால் கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூருக்குப் போங்கள். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைப்பவை டைனோசர் காலத்துக் கடலின் சிப்பிகள். கோடிக்கணக்கான ஆண்டு அடைத்து வைத்திருந்த கார்பனை சிமெண்ட் சூளைகள் இப்போது திறந்துவிடுகின்றன.

கடைசியாக அந்த "வீண்" என்ற சொல். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் 740 டிஎம்சியைப் பங்கு போட்டபோது சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 என்று எழுதியது. 1 லட்சம் கன அடி ஓடினால் பதினோரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற அளவு அந்த 4 டிஎம்சி. சாதாரண வருஷத்தில் காவிரி என்ற பெயரோடு பூம்புகாரில் கடலைத் தொடுவது வாய்க்கால் அகலத் தண்ணீர்தான், போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அணைகள் நிரம்பி வழிகிற வருஷத்தில், 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது ஓடிய மாதிரி, எல்லாம் ஒரே மூச்சில் போகிறது. குறுவை கருகும்போது கடைமடை விவசாயி அதைப் பார்த்து வயிறு எரிவதில் தப்பே இல்லை, நானும் எரிந்திருக்கிறேன். தடுப்பணை கட்டிக் கொஞ்சம் நிறுத்துவதை நான் எதிர்க்கவும் இல்லை. ஆனால் கடலுக்கு மலைத்தண்ணீர் போகிற நாட்கள் வருஷத்தில் அவ்வளவுதான். மீதி நாட்களில் அங்கே போய்ச் சேர்வது என் வயலில் கரைந்த யூரியாவும் ஊர்ச் சாக்கடையும்.